ரேடியேட்டருக்குப் போட்ட கஞ்சி

அண்ணனுடைய லாரியின் ரேடியேட்டரில் இரண்டு சொம்பு அரிசிக் கஞ்சியை ஊற்றியவன் நான்தான். ஊற்றியதைக்கூட முட்டாள்தனம் என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். ஊற்றிவிட்டு ஆறு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த ஆறு நாளுக்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாரப் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுபவன் என்பதால், என்னைத் தெரிந்தவர்கள் இதற்கும் சிரிக்கத் தயாராக உட்கார்வார்கள். கொஞ்சம் பொறுத்துச் சிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. அதை அண்ணி பார்த்துக்கொள்கிறார். அண்ணன் பார்த்துக்கொள்வது லாரியை. ஆறு சக்கரம், பழைய வண்டி. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் அரிசி ஆலையிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும். நான் எதையும் பார்த்துக்கொள்வதில்லை. மாடி அறையில் உட்கார்ந்து படிப்பேன், எழுதுவேன். வெப்பத்தைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய இரண்டு புத்தகங்களைப் பாதிப் பாதி படித்திருக்கிறேன். இந்த விவகாரத்தில் என் கல்வித் தகுதி அவ்வளவுதான்.

லாரியை ஓட்டுபவர் ஓரிக்கைப் பக்கம் காலனியிலிருந்து வருவார். ஐம்பத்தாறு வயது. அவருடைய அப்பா அம்மா காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் கிளீனராக லாரியில் ஏறி, ஸ்டியரிங் பிடித்து, ஹெவி லைசென்ஸ் வாங்கி, எங்கள் வண்டிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை லோடு எடுக்க மாட்டார், சர்ச் உண்டு. மற்ற ஆறு நாளும் காலையில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனைக்கு வந்து, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பார். குறைந்திருந்தால் ஊற்றுவார். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு, உருவிப் பார்ப்பார். டயர்களை ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். மாடி ஜன்னலிலிருந்து காபி டம்ளரோடு இதைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைப் பார்த்த சாட்சி உலகத்தில் நான் ஒருவன்தான். அண்ணன் அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருப்பார்.

நடந்தது இதுதான். திருமுக்கூடலில் மைத்துனர் வீட்டு விசேஷம் என்று டிரைவர் இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தார். லாரி மனையில் நின்றது. காலையில் அந்தப் பக்கம் போனவன், ரேடியேட்டருக்குக் கீழே மண்ணில் ஒரு ஈரத்தைப் பார்த்தேன். குனிந்தேன். ஒரு சொட்டு விழுந்தது. பத்து எண்ணினேன், இன்னொரு சொட்டு. துருநிறத் தண்ணீர். டிரைவர் வந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் இடத்தைக் கண்டுபிடித்துப் பட்டறைக்கு ஓட்டிப் போய் ஈயம் வைத்திருப்பார். எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையின் பெரும்பாலான கஷ்டங்கள் இப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன.

ரேடியேட்டர் சின்னதாக ஒழுகினால் வழியில் மஞ்சள் தூளைப் போட்டு ஓட்டுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். தூள் போய்த் துளையில் அடைத்துக்கொள்ளுமாம். மஞ்சள் தூள் அண்ணியின் ஆளுகையில் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்று கேட்பார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பாவு விரித்திருந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புடவையின் நீளவாட்டு இழைகள் மொத்தத்துக்கும் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வடிகட்டிய அரிசிக் கஞ்சியைத் தடவிக் காயவைப்பார்கள். கஞ்சி ஒவ்வொரு இழையிலும் ஏறி, பிசிறை அமுக்கி, மெல்லிய இடத்தை அடைத்து, இழைக்கு ஒரு விறைப்பைக் கொடுக்கும். அதன் பிறகு எத்தனை ஆயிரம் முறை இழுத்தாலும் அறாது. இதைப் பார்த்து வளர்ந்தவன் மண்டையில், கஞ்சி என்பது எந்த ஓட்டையையும் அடைக்கும் பொருளாகப் பதிந்துபோயிருந்தது. மஞ்சள் தூளே அடைக்குமென்றால் பட்டு இழையைக் காக்கிற கஞ்சி பித்தளைக் குழாயை அடைக்காதா? பரம்பரை அறிவும் அரைகுறைப் படிப்பும் ஒரு மனிதனுக்குள் சந்தித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர்கள் விலகிக்கொள்வது நல்லது.

எதிர் வீட்டு அம்மா மிச்சக் கஞ்சியை வாளியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் குடுங்கம்மா."

"எதுக்குப்பா?"

"மாட்டுக்கு."

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அந்த அம்மாவுக்கு அது தெரியும். ஆனாலும் கொடுத்தார். எழுதுகிறவன் கேட்டால் எதையும் கொடுத்து அனுப்பிவிடுவது எங்கள் தெரு வழக்கம்.

என்ஜின் ஆறித்தான் இருந்தது. மூடியைத் திறந்து, துணியில் வடிகட்டி, இரண்டு சொம்பு ஊற்றினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சொட்டு நின்றிருந்தது. நூறு வரை எண்ணினேன். ஒன்றும் விழவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் சொல்லலாம் என்று இருந்தேன். அண்ணன் யாரோ டயர் வியாபாரியோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட செய்தியை நல்ல சபையில்தான் சொல்ல வேண்டும், டிரைவரும் வந்துவிடட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

லீவு முடிந்து, ஞாயிறும் கழிந்து டிரைவர் வந்தார். முதல் நாள் பக்கத்திலேயே காலி வண்டியாக ஒரு சின்ன நடை. ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் முழு லோடு. ஆலையிலிருந்து கிளம்பிப் பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி, ஆறும் வரை காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சிவப்பு. அதற்கு மேல் போனால் என்ஜின் போய்விடும் என்று, நின்று நின்று ஆலைக்கே திரும்பிவிட்டார். மூட்டைகளை அவசரமாக வேறு லாரிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆலைக்காரர் அண்ணனைப் போனில் பிடித்து உலுக்கிவிட்டார்.

அண்ணன் பைக்கில் கிளம்பினார். பின் சீட்டில் நான். ஏன் கூடப் போனேன் என்று கேட்டால், அண்ணனுக்குத் துணையாக என்று சொல்லலாம். கஞ்சி ஞாபகம் வந்துவிட்டது என்பது இன்னும் உண்மை.

ஆலை வாசலில் எடைமேடை. லாரிகள் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் பத்துப் பதினைந்து பேர் புளியமர நிழலில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கின வேகத்திலேயே ஆரம்பித்தார்.

"தண்ணி பாக்காம ஓட்டிக்கினு வந்துட்டு எனுக்கு கத சொல்றியா?"

"இல்ல மொதலாளி. தெனம் பாக்கறேன். இன்னிக்கும் பாத்தேன்."

"பாத்தா ஏன்யா கொதிக்குது?"

"அதான் புரியல மொதலாளி."

"எனுக்கு புரியுது. ரெண்டு நாளு லீவு போட்டுட்டு வந்த. வந்த சுருக்குல மூடியகூட தெறக்காம சாவிய போட்டிருப்ப. எத்தினி வருசமா இப்டி ஓட்டற?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கு அன்றைக்குத்தான் அவர்களுடைய முகங்களைப் பார்த்துத் தெரிந்தது. வண்டியை எங்காவது இடித்தவனுக்கு வேலை கிடைக்கும். லேட்டாக வருபவனுக்குக் கிடைக்கும். தண்ணீர் பார்க்காமல் என்ஜினை வேகவைத்தவன் என்று பெயர் வாங்கினவனுக்கு எந்த முதலாளியும் சாவியைக் கொடுக்க மாட்டான். அந்தப் பெயர் ஓர் எடைமேடையிலிருந்து அடுத்த எடைமேடைக்கு, அவன் ஏறின லாரியைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். ஐம்பத்தாறு வயதில் ஒருத்தர் அதற்கு மேல் புதிதாக ஒரு பெயர் எடுக்கவும் முடியாது.

"வண்டி ரெடியாவட்டும்" என்றார் அண்ணன். "அப்புறம் சாவிய வச்சிட்டு போய்க்கினே இரு."

டிரைவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரைப் பார்க்கிறார்கள், அவர் என்னைப் பார்க்கிறார். கஞ்சியைச் சொல்ல வேண்டாம். அதைச் சொல்லத் தைரியம் இல்லாவிட்டால் போகட்டும். "அவர் தினமும் மூடியைத் திறந்து பார்ப்பதை நான் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"இன்னிக்கு வெயிலும் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றேன்.

அதைவிட மட்டமான வாக்கியம் ஒன்றை நான் எழுதியதில்லை. எழுதியிருக்கிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் அந்த எடைமேடையில் நின்றவர்கள் இல்லை.

மறுநாள் லாரியை இன்னொரு லாரியில் சங்கிலி போட்டு இழுத்து ஓரிக்கை ரோட்டில் இருக்கும் ஒரு பட்டறையில் விட்டார்கள். மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்பார்கள். ஒல்லியான மனிதர், ஆற்காட்டுப் பக்கம் பூர்வீகம். ஒரு டீ உள்ளே போகும்வரை அவரிடமிருந்து பேச்சு வராது. டீ போன பிறகும் டிரைவரிடம் மட்டும்தான் பேசினார்.

"நின்னுக்கினு இருக்கும்போது ஏறுதாண்ணே, ஓடும்போது ஏறுதா?"

"ஓடும்போது பாய். லோடோட மேடு ஏறினா கடகடன்னு ஏறுது. நிறுத்தி சும்மா ஓட வுட்டா மெதுவா கொறையுது."

"ஹீட்டாகி தண்ணிய வெளிய தள்ளுச்சா?"

"தொறந்தப்போ கொஞ்சம் வந்திச்சி. ரொம்ப இல்ல."

"ஹெட் கேஸ்கட் போச்சு பாய், பாக்கவே வேணாம்" என்றார் அண்ணன், என்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகட்டை. "தண்ணி இல்லாம வெந்திருக்குது."

"மொதலாளி, டாக்டரான்ட வந்து வியாதிய நீங்களே சொன்னா, அப்புறம் ஊசியும் நீங்களே போட்டுக்கணும். செத்த நேரம் அப்டி உக்காருங்கபா."

அண்ணன் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில். டிரைவர் உட்காரவில்லை.

பாய் முதலில் எளிதான சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். முன் கிரில்லைக் கழற்றி ரேடியேட்டரின் முகத்தைப் பார்த்தார். ஆலை உமியும் பூச்சியுமாகக் கொஞ்சம் அப்பியிருந்தது. தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து பீய்ச்சிக் கழுவினார். ஃபேன் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். தளர்வு இல்லை. ஃபேனைக் கையால் சுற்றிவிட்டார். ஆட்டம் இல்லை. மூடியின் ஸ்பிரிங்கையும் ரப்பரையும் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். "கேஸ்கட் போயி தண்ணி கலந்திருந்தா ஆயிலு பால் காபி மாரி இருக்கும். இது கருப்பா இருக்குது. பாத்துக்கங்க மொதலாளி." என்ஜினை ஓடவிட்டு, திறந்த ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று ரொம்ப நேரம் குனிந்து நின்றார். வரவில்லை.

ஒவ்வொன்றும் சரி என்று ஆக ஆக மற்றவர்களுக்கு மர்மம் கூடிக்கொண்டே போனது. எனக்குக் குறைந்துகொண்டே வந்தது.

அடுத்து தெர்மோஸ்டாட். என்ஜின் சூடான பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் சின்னக் கதவு அது, உள்ளங்கையில் அடங்கும். பாய் அதைக் கழற்றி, நூலில் கட்டி, ஸ்டவ்வில் காய்கிற பாத்திரத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது அது மெல்ல வாயைத் திறந்தது. சூடு ஏறினால் வாயைத் திறக்க வேண்டும் என்று அந்தப் பித்தளைத் துண்டுக்குத் தெரிந்திருக்கிறது.

"இதுவும் நல்லா இருக்குது" என்றார் பாய். "நாளைக்கு பாக்கலாம்."

அன்றிரவு நான் தூங்கவில்லை என்று எழுத ஆசை. தூங்கினேன். விழித்தபோது மறுபடி ஞாபகம் வந்தது, அதுதான் கஷ்டம்.

மறுநாள் பாய் எல்லாவற்றையும் மாட்டி என்ஜினைச் சூடாக்கினார். பிறகு நிறுத்திவிட்டு, ஒரு காரியம் செய்தார். ஃபேன் நின்றதும் உள்ளங்கையை ரேடியேட்டரின் முகத்தில் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு அவர் கையைப் பிடித்து அதே இடங்களில் வைத்தார்.

"இங்க?"

"சுடுது."

"இங்க?"

டிரைவர் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார். "ஜில்லுனு இருக்குது பாய்."

"நடுவுல முக்காவாசி ஜில்லுனுதான் இருக்குது. தண்ணியே போவல. மேல கொதிக்குது, கீழ எறங்க வழியில்ல. ரேடியேட்டர் அடச்சிக்கினு கீதுண்ணே."

தண்ணீரை வடித்தார். கீழ்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்ட வேண்டும். இது யோசித்து யோசித்து இறங்கியது. மங்கலான பழுப்பு நிறம். பாய் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தைத் தீ காட்டி உருக்கி, ஒரு தகரப் பெட்டியின் மூடியைப்போலத் தூக்கினார்.

உள்ளே வரிசை வரிசையாகத் தட்டைக் குழாய்களின் வாய்கள். அவற்றின் விளிம்பெல்லாம் வெள்ளையாகக் காறை, எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரின் உப்பு வருஷக்கணக்கில் கட்டியது. மிச்சமிருந்த இடுக்குகளில் கொழகொழவென்று ஒரு பசை. புளித்த வாடை.

"இன்னாது இது?" பாய் ஒரு குச்சியால் அதை எடுத்தார். "மைதாவா?"

அண்ணன் எழுந்து வந்தார். குச்சியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அண்ணன் லாரி வாங்குவதற்கு முன்னால் இருபது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். அந்த வாடையை அவர் மூக்குக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம்.

"பாவுக் கஞ்சி" என்றார். பிறகு டிரைவரிடம் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒழுகறத மறைக்கிறதுக்கு எங்க தெருவுல கஞ்சி வாங்கி ஊத்தினியா? அதையும் மறச்சிட்டு தெனம் தண்ணி பாத்தேன்னு சொல்றியா?"

இப்போது பொய்யான பழிக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. டிரைவர் கையிலிருந்த துணியை மடித்தார். இன்னொரு மடி மடித்தார். "நான் தண்ணி மட்டுந்தான் மொதலாளி ஊத்துவேன்" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாக்கியம் இல்லை. இருந்திருக்கிறது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் எழுந்தேன். எழுந்தவன் நேராக விஷயத்துக்கு வந்தேனா என்றால் இல்லை. முதலில் ஒரு முன்னுரை சொன்னேன். எல்லோருக்குமே சில நேரம் நல்ல எண்ணத்தில் தவறு நேர்கிறது என்று ஆரம்பித்து, மஞ்சள் தூள் வரை வந்தேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டேய். இன்னாடா சொல்ற?"

"கஞ்சி ஊத்தினது நான்."

பட்டறையில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் அந்த நேரத்தில் நிற்கவில்லை. கதைகளில் நிற்கும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதனால் நான் இரண்டாவது முறையும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எப்போ?"

"அவர் லீவில இருந்தப்போ."

"எட மேடைல நான் கத்தினேனே, அப்போ நீ பின்னாலதான நின்ன?"

"ஆமா."

அண்ணன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த குச்சியை ஓர் ஓரமாக வைத்துவிட்டு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றார். பாய் என் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று வேலையைப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். "பாதி வேலைய காறை முன்னாடியே செஞ்சி வச்சிருக்குது" என்று ரேடியேட்டரிடம் சொன்னார். "வழியே கொஞ்சமாதான் இருந்திச்சி. அதயும் கஞ்சி அடச்சிக்கிச்சி."

கஞ்சி எப்படி அடைத்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பாவில் அது காற்றில் காய்கிறது. இதற்குள்ளே வெந்தது, ஒவ்வொரு முறை என்ஜின் சூடாகும்போதும் திரும்பத் திரும்ப வெந்தது. ஒழுகின துளையை மட்டும் அடைத்துவிட்டு நின்றுகொள் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. துளைக்கும் வழிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அன்று முழுக்க வேலை நடந்தது. தட்டையான இரும்புப் பட்டையை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டுக் குத்தினார் பாய். காறை துண்டு துண்டாக உதிர்ந்தது. வெந்நீரில் சோடா கரைத்து ஊற்றிக் கழுவினார். மேல் தொட்டியை மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்து, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தார். பழைய ஒழுகல் இருந்த இடத்தில் வந்தது. சுண்டு விரல் நகம் அளவு ஈயம் வைத்தார், நின்றுவிட்டது. நான் அடைக்கப் பார்த்த துளைக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. என்ஜினுக்குள் இருந்த வழிகளிலும் ஹோஸ் வைத்துத் தலைகீழாகத் தண்ணீர் விட்டார்கள். முதலில் பழுப்பு, பிறகு கலங்கல், பிறகு கஞ்சித் தண்ணீர், ரொம்ப நேரம் கழித்துத் தெளிவு. டிரைவர்தான் ஹோஸைப் பிடித்திருந்தார். தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் போர் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிக் கூலன்ட் கலந்து ஊற்றினார் பாய். மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு, உள்ளே மாட்டிய காற்றெல்லாம் வெளியேறின பிறகு மூடினார். முள் நடுவில் வந்து நின்றது, அசையவில்லை.

அண்ணன் உள்ளே வந்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லை. எங்கள் வீட்டிலேயே அது இல்லை.

"நாளைக்கு லோடு இருக்குது" என்றார் டிரைவரிடம். "எப்பவும் போல வந்துடு."

அதுதான் அவருடைய மன்னிப்பு. பதினோரு வருஷப் பழக்கத்தில் டிரைவருக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் சாவியை எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினார்.

"வரன் மொதலாளி. ஆனா இங்க சொல்லி பிரயோஜனம் இல்ல. எங்க சொன்னீங்களோ அங்க சொல்லணும்."

"எங்க?"

"எட மேடைல. அந்த ஆளுங்க முன்னால. இல்லன்னா நான் நாளைக்கு எங்க போனாலும் தண்ணி பாக்காதவன்தான். நீங்க வச்சிக்கினாலும் நான் அதேதான்."

அண்ணன் சாவியைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை. என் பக்கம் தலையை ஆட்டினார். "இவன் சொல்லட்டும். இவன் வாயால சொல்லட்டும்."

மறுநாள் காலையில் நான் லாரியில் ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ஏறுவதற்கு முன்னால் அவர் வழக்கம்போல மூடியைத் திறந்து பார்த்தார், கம்பியைத் துடைத்தார், டயரைத் தட்டினார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது மாடியிலிருந்து தெரியாத ஒன்று தெரிந்தது. மூடியை மூடின பிறகு ஒரு தரம் அதைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். பாலம் தாண்டினோம். பாலாற்றில் மணல்தான், அங்கங்கே கொஞ்சம் நாணல். இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனோம்.

எடைமேடையில் அதே புளியமரம், அதே மாதிரி ஆட்கள். அண்ணன் பைக்கில் முன்னாலேயே வந்து ஓரமாக நின்றிருந்தார். நான் இறங்கிப் போய், யாரும் கேட்காமலே நடுவில் நின்று, முன்னுரை இல்லாமல் சொன்னேன். இந்த வண்டி கொதித்ததற்குக் காரணம் நான். ரேடியேட்டரில் பாவுக் கஞ்சி ஊற்றினேன். இவர் தினமும் தண்ணீர் பார்ப்பவர். அதைத் தினமும் பார்த்தவன் நான். அன்றைக்கு இங்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

டீ டம்ளரோடு இருந்த ஒருவர் கேட்டார்: "கஞ்சின்னா... குடிக்கிற கஞ்சியா?"

"பாவுக்குப் போடறது."

அப்போது ஆரம்பித்தது. ஒருவர் சிரித்து, அடுத்தவர் சிரித்து, ஒரு கிழவர் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "ஊறுகாய் வச்சிங்களா சார்?" என்று ஒரு குரல். "வெங்காயம் வச்சிருந்தா வண்டி சென்னை போயிருக்கும்பா" என்று இன்னொன்று. முப்பது வருஷம் ஜனங்களைச் சிரிக்கவைக்க நான் பட்ட பாட்டில் ஒருநாளும் இப்படி ஒரு சபை அமைந்ததில்லை. நான் சிரிக்கவில்லை. டிரைவரும் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எல்லோரும் கேட்டுவிட்டார்களா என்று எண்ணிப் பார்ப்பதுபோல. கிழவர் எழுந்து வந்து, தன் டம்ளரை வைத்துவிட்டு, கடைக்காரரிடம் டிரைவருக்கு ஒரு டீ சொன்னார். அதை டிரைவர் நின்றபடி முழுக்கக் குடித்தார்.

அண்ணன் மரத்தடிக்கு வரவில்லை. ஆனால் டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை பைக்கைக் கிளப்பவும் இல்லை.

லோடு ஏறியதும் என்னைக் காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டுப் போவதாகச் சொன்னார் டிரைவர். பாலத்தின் மேடு ஏறும்போது முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது. அந்தத் தைரியத்தில் பேச்சை ஆரம்பித்தேன். இந்த விஷயம் அவருக்குப் பட்டறையில்தான் தெரிந்ததா என்று கேட்டேன்.

"இல்ல சார். லீவு முடிஞ்சி வந்த அன்னிக்கே தெரியும். பம்பர் மேல சொம்பு இருந்திச்சி, கஞ்சி காஞ்சிபோயி. நான்தான் கழுவி அண்ணியாண்ட குடுத்தேன்."

"நான்னு எப்படித் தெரியும்?"

"மொதலாளி ஒரு வேல செஞ்சா எடுத்த பொருள எடுத்த எடத்துல வச்சிடுவாரு."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"மொதல்ல, மொதலாளிதான் ஊத்த சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். ஏதோ வீட்டு மருந்து போலன்னு ஓட்டினேன். அங்க மேடையில அவரு கத்தினப்பதான் அவுருக்கு தெரியாதுன்னு தெரிஞ்சிது. உங்கள பாத்தேன். நீங்க வெயில பத்தி பேசினீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே நீங்க."

"நான் சொன்னா, தப்ப மறைக்க மொதலாளி தம்பி மேல பழி போடறான்னு ஆவும். எங்க ஆளுங்க சொன்னா அப்டித்தான் சார் ஆவும்." அதைக் கோபமில்லாமல், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு திருப்பம் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பாலம் இறங்கினோம். எனக்கு ஏதாவது கேட்டே ஆக வேண்டியிருந்தது.

"என்கிட்டயாவது தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

அவர் கியரை மாற்றிவிட்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார். தெனம் பக்கம் பக்கமா எழுதறீங்க. ஒத்த வரி. அதுக்கு ஆறு நாளு ஆவும்னு எனுக்கு இன்னா தெரியும்?"